ஏன்னா அண்ணனும் ரெண்டு கட்டமும்

ஜோகூரில், பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன மனிதர்களிலேயே, தன் வாழ்நாளில் கிடைத்த மிக நல்ல பதிலைத் 'தப்பு' என்று சொல்லிவிட்டு, அமைதியாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்த ஒரே ஆள் ஏன்னா அண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் அவருக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து, அதை என் இரண்டு காதாலும் கேட்டவள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் மாசாயிலிருந்து கிளம்பும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறை இல்லை. ஸ்டோரில் வேலை. நெடுநெடுவென்று உயரம், நெற்றி நிறைய விபூதி, சிரிப்பையே அறியாத முகம். தங்கைகளை ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார். தனக்கென்று கல்யாணம் இல்லை. அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு பிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்து.

அது சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. சாதாரணமானதில் 'வாயில் இருக்கும், வெள்ளையாக இருக்கும்' என்று கேட்பார்கள், நாமும் பல் என்று எழுதிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இதில் 'கப்பலின் பின்பாதியைக் காலையில் விளக்கு' என்று போட்டிருக்கும், பக்கத்தில் இரண்டு கட்டம். படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். அதைத்தான் அவர் விடியற்காலையில், தூங்கி வழியும் ஒரு பஸ்ஸுக்குப் படித்துக் காட்டுவார்.

"கப்பலுக்குப் பின்னால என்னா லா இருக்கு? இஞ்சினா?" என்று பேக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் யாராவது கண்ணைத் திறக்காமலே கேட்பார்கள்.

"கப்பலைப் பாக்காதீங்க, எழுத்தைப் பாருங்க. க, ப், ப, ல். பின்பாதி என்னா?"

"பல்லு. போதுமா? தூங்கவா?"

"ஏன்னா?"

"அதான் பின்பாதின்னு நீங்களே சொன்னீங்களே!"

"அது ஒரு கால். இன்னொரு காலு எங்க? காலையில எதை விளக்குறோம்? பல்லை. இப்பதான் விடை ரெண்டு கால்ல நிக்குது."

இதுதான் அவருடைய சட்டம். விடை சரியாகவே இருந்தாலும், 'ஏன்னா' என்று ஆரம்பித்துக் காரணம் சொல்லாவிட்டால் அவர் கட்டத்தில் எழுத மாட்டார். எங்களில் பாதிப் பேர் பல்லை விளக்கியும் விளக்காமலும் ஓடி வந்து பஸ் ஏறியிருப்போம். அதற்குள் இவர் பல்லை விளக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். அப்போது நான் அனுப்புகைப் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. நாள் முழுக்கப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கண் பூத்துப்போகிறவளுக்கு, காலையிலும் எழுத்துதானா?

பஸ்ஸோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் நிறுத்தத்துக்கு எதிரே முஸ்லிம் நானா ஒருவரின் தேநீர்க் கடை இருந்தது. ஒருநாள் அங்கே போய், வெகு மரியாதையாக, "நானா, ஒரு தே. 'இங்கே' கம்மி," என்றார்.

"எங்கே கம்மி?" என்றார் நானா.

"இங்கே."

"இங்கதான் ஊத்துறேன். கம்மின்னா அரை கிளாஸா?"

"ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம்."

பின்னால் வரிசை நின்றது. நானா அரை கிளாஸ் தேநீரில் வழக்கமான சீனியைக் கொட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார். அதைக் கஷாயம் குடிப்பதுபோல் குடித்து முடித்துவிட்டு, ஏன்னா அண்ணன் விளக்கினார். மலாயில் 'சீனி' என்றால் இங்கே. தமிழில் சீனி தேநீரில் போடுவது. ஆகவே 'இங்கே கம்மி' என்றால் சீனி கம்மி. நானா கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். மறுநாளிலிருந்து இவர் தலை தெரிந்ததுமே, "முழு கிளாஸ், சீனி கம்மி!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிடுவார். அதில் அண்ணனுக்கு உள்ளூர வருத்தம்தான்.

கிளினிக் கதை இன்னும் மோசம். ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போனவரிடம், புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே, எங்கே வலி என்று கேட்டிருக்கிறார். இவர் "கப்பலின் பின்பாதியில்" என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா தமிழ்ப் பெண்தான், ஆனால் வேலை மும்முரத்தில், கப்பலின் பின்பக்கம் விழுந்து முதுகில் அடி என்று எழுதிக்கொண்டார். முதுகுக்கு ஒரு பிளாஸ்திரி, இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் அந்தச் சீட்டோடு பாதுகாப்புப் பிரிவு அதிகாரி ஸ்டோருக்கே வந்துவிட்டார். ஸ்டோர் ஆளுக்குத் துறைமுகத்தில் என்ன வேலை, எந்தக் கப்பல், யார் ஏறச் சொன்னது என்று விசாரணை. அதிகாரி மலாய்க்காரர். அவருக்கு அண்ணன் வீங்கின கன்னத்தோடு, ஒரு அட்டைப் பெட்டியின் மேல் க, ப், ப, ல் என்று எழுதி, முன்பாதியைக் கையால் மறைத்துக் காட்டினார். "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அண்ணன் பல்லைப் பிடுங்கிக்கொண்டார், ஆனால் சொன்னது தப்பு என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் கேட்டு அவரைக் கோமாளி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சரசு அக்கா திரும்பி வரும்வரை.

சரசு அக்கா எங்கள் கம்பெனியில் பொருள் சோதிக்கும் பிரிவு. அவருடைய கணவர் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். ஒரு மழைக் காலையில், ஒரு லாரி. அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்து அக்கா மறுபடி பஸ் ஏறியபோது, பெண்கள் எல்லாரும் முதலில் அவர் கழுத்தைப் பார்த்தோம், பிறகு சட்டென்று வேறு பக்கம் பார்த்தோம். அது வெறும் கழுத்து. ஒவ்வொருவராகப் போய் "கவலைப்படாதீங்க" என்றோம். வேறு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை. ஏன்னா அண்ணன் மட்டும் அவரிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டத்துக்கு அழுகிற மனிதருக்குக் கண்ணெதிரே இருக்கிற மனுஷி தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் கோபம்.

அப்போதுதான் அந்த வாரக் குறிப்பு வந்தது. 'தலை போகிற கவலை, வீசினால் மீன் விழும்.' இரண்டு கட்டம்.

"வலை!" என்று பஸ்ஸே கத்தியது.

"ஏன்னா?" என்றார் அண்ணன்.

யாருக்கும் தெரியவில்லை. வீசினால் மீன் விழுவது வலைதான். ஆனால் தலை போகிற கவலைக்கு அங்கே என்ன வேலை? அவருக்கே பிடிபடவில்லை. பிடிபடாததை எழுதவும் மாட்டார். திங்கள் போய், செவ்வாய் போய், வாரமே போய்க்கொண்டிருந்தது. மெர்சிங்கில் மீன்பிடிக்கும் ஒரு பழைய நண்பருக்குப் போன் போட்டு, வலையில் தலை என்று ஒரு பாகம் உண்டா என்று கேட்டார். படகில் இருந்த நண்பர் என்ன சொன்னார் என்பதை அவர் எங்களிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, எண்ணெய்த் தொட்டிகள் தெரிய ஆரம்பிக்கும் வளைவில், ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கவலைக்குத் தலை போச்சுன்னா வலைதானே. முதல் எழுத்தை எடுத்துட்டுப் பாருங்க."

ஏன்னா அண்ணன் பேனாவை எடுத்தார், எழுதினார், பேனாவை மூடினார். பிறகு எழுந்து நின்று, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க," என்றார்.

"எல்லாரும் கவலைய விடு, விடுன்னாங்க," என்றார் அக்கா. "எதை விடணும்னு யாரும் சொல்லல. ஒரு எழுத்தை விட்டாப் போதும்போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் அதுவரை அந்த முகத்தில் அதுகூட இருந்ததில்லை.

அன்றிலிருந்து பஸ்ஸின் நடப்பே மாறியது. பத்திரிகையில் வருவது போதாதென்று அண்ணன் தானே குறிப்பு கட்ட ஆரம்பித்தார். 'ஜோகூருக்குப் பின்னால் நிற்கும் புதுசைக் கவனி' என்பார். அக்கா கொஞ்சம் யோசித்து, "பாரு. ஏன்னா, ஜோகூர் பாரு. மலாயில பாருன்னா புதுசு. தமிழ்ல பாருன்னா கவனி," என்பார். டிரைவர் பாக் மான் எங்களை ஏற்றி இறக்கியே பாதித் தமிழ் பழகியவர். குறிப்பில் மலாய் வந்தால் அவருக்கு ஒரே பெருமை. சரியாக இருந்தால் "பெத்துல்!" என்று கத்துவார். தப்பென்றால் "சாலா!" அந்த இரண்டும் எங்கள் பஸ்ஸின் பொது மொழியாகிவிட்டது. தூங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். நான்கூட.

இப்படி இருக்கும்போதுதான், மாதக் கடைசியோடு சரசு அக்கா வேலையை விடப்போவதாகப் பேச்சு வந்தது. கெலாங் பாத்தாவில் இருக்கும் அவருடைய அண்ணன், தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்து இரு என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். அன்று மத்தியானம் கேண்டீனில் ஏன்னா அண்ணன் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சரசுகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்னா குறிப்பு?"

"குறிப்பு இல்ல. அவங்களைக் கட்டிக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்கண்ணே! நேராப் போயி கேளுங்க!"

"நேரா கேட்டா அவங்க நேரா பதில் சொல்லணும். இல்லைன்னு சொல்லணும்னா அவங்களுக்குத்தான் கஷ்டம். குறிப்பாக் கேட்டா, 'தெரியல'ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். குறிப்புதானே, தெரியலன்னா தெரியல. யாருக்கும் அவமானம் இல்ல."

மாதக்கணக்கில் அவர்மேல் வைத்திருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் போயிற்று. மறுப்பதற்குக்கூட ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் பெண் கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை. அவர் சட்டையில் புது மடிப்பு. குரலைச் சரி செய்துகொண்டு, எல்லா நாளும் சொல்வதுபோலவே சொன்னார்.

"மலாய்க்காரருக்குக் கயிறு, நமக்குக் கழுத்தில். ரெண்டு கட்டம்."

பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அந்த நிமிடமே விடை தெரிந்துவிட்டது. மலாயில் 'தாலி' என்றால் கயிறு. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை எதற்கும் தெரிந்த சங்கதி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாக் மான் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், அவர் வாயும் மூடியே இருந்தது. சரசு அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. ரொம்ப நேரம் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அண்ணனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"பாசம்."

பின் சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஏன்னா அண்ணன் விரலை மடக்கினார்.

"பா, ச, ம். மூணு கட்டம் வருது. தப்பு."

"சாலா?" என்று பாக் மான் அலறியதில் பஸ் ஒரு ஆட்டம் ஆடியது.

"சாலா, பாக் மான். ரெண்டுதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த விடைக்குக் காத்திருப்பவராக அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப எனக்குத் தெரியல," என்றார் அக்கா.

மறுநாள் அக்கா பஸ்ஸில் வரவில்லை. மீதி இருந்த நாட்களுக்கு மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாராம். கேண்டீனில் அண்ணன் என்னிடம், "தெரியலன்னுட்டாங்க, தங்கச்சி. அதுக்குத்தானே அந்த வழிய வெச்சேன். விட்டுடலாம்," என்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் என்றும் பார்க்கவில்லை.

"அக்காவுக்கு ரெண்டு எண்ணத் தெரியாதா? உங்க குறிப்பை எல்லாம் நிமிஷத்துல போடுறவங்க, இதுல மட்டும் கட்டம் தப்புவாங்களா?"

"அப்ப ஏன்…"

"ஏன்னா," என்றேன். அவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஏன்னா, நீங்க கேட்ட வார்த்தைய அவங்க வாயால எப்படிச் சொல்லுவாங்க, பஸ் நெறைய ஆளை வெச்சிக்கிட்டு? கழட்டி வெச்ச பொருள் அண்ணே அது. அதனால கயிறுக்கு இன்னொரு வார்த்தை தேடுனாங்க. பாசமும் கயிறுதானே. எமன் கையில இருக்கிறதும் அதான். அவங்க வீட்டுல ஒரு தடவை விழுந்த கயிறு. அதையே எடுத்து, அன்புன்னு உங்க கையில குடுத்தாங்க. நீங்க ஒக்காந்து கட்டம் எண்ணுனீங்க. அவங்க விடை சொல்லல. பதில் சொன்னாங்க."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கேண்டீனில் மணி அடித்து எல்லாரும் எழுந்து போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. காய்ந்துபோன கையை அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்பதில்லை.

அடுத்த நாள் இரண்டு பேரும் லீவு போட்டோம். தனியாக விட்டால் இந்த மனுஷன் மறுபடியும் எதையாவது எண்ணிவிடுவார் என்று பயந்து நானும் கூடப் போனேன். மத்தியான பஸ்ஸும் பாக் மான்தான் ஓட்டினார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார். சரசு அக்கா அதே ஜன்னலோரம். அண்ணன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு உங்க விடை சரி," என்றார். "குறிப்புதான் தப்பு."

எந்தக் குறிப்பையும் அவர் தப்பென்று சொல்லி நான் கேட்டதில்லை. பல்லைப் பிடுங்கியபோதுகூடச் சொல்லாதவர்.

"மூணு கட்டம்," என்றார் மறுபடி. "பாசம்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்னா?" என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ காலையில், இவர் விளக்கத்தை நிறுத்த மாட்டாரா என்று ஏங்கினவள் நான். அந்த மத்தியானம், ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியல, சரசு," என்றார். "ஏன்னா… தெரியல. ஆனா அதான் விடை."

பஸ் அந்த வளைவில் திரும்பியது. அக்கா வெளியே எண்ணெய்த் தொட்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். தொட்டிகள் முடிந்து வேலி வந்தது, வேலி முடிந்து எங்கள் கம்பெனி வாசலும் வந்துவிட்டது. பாக் மான் பஸ்ஸை நிறுத்தினார், கதவை மட்டும் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை.

"மூணு வேணாம்," என்றார் அக்கா மெதுவாக. "நீங்க முதல்ல சொன்னீங்களே, ரெண்டு கட்டம். அதுவே இருக்கட்டும்."

அண்ணன் விரலை மடக்கினார். ஒன்று. இரண்டு. மடக்கின இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பெத்துல்!" என்று கத்திக்கொண்டு பாக் மான் ஹாரனை அழுத்தினார். காவலர் கேட்டை விட்டு ஓடி வந்தார்.

மாசாயில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம். அக்காவின் கெலாங் பாத்தா அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்தார். நான்தான் நாத்தனார் முடிச்சுப் போட்டேன். ஏன்னா அண்ணனுக்கு மூன்று தங்கைகள் இருக்க, என்னைத்தான் போடச் சொன்னார். போடும்போது எனக்கு முடிச்சு விழவே இல்லை. "நிதானமாப் போடுங்க தங்கச்சி," என்றார் அந்தச் சிரிக்காத முகத்தோடு.

இப்போது இருவரும் மெர்சிங்கில் இருக்கிறார்கள், படகுத்துறைக்குப் பக்கத்தில். இதை எழுத உட்கார்வதற்கு முன் போன் போட்டு, உங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னேன். பின்னால் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னைப் பத்தி எழுத என்னா இருக்கு, தங்கச்சி? ஏன்?" என்றார்.

"தெரியல, அண்ணே," என்றேன்.

"அப்ப சரி," என்றார். "எழுதுங்க."